அமெரிக்கத் தேர்தல்: சண்டைக்கு நடுவே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகை ஆட்கள் முளைப்பார்கள். ஒருவர் அங்கேயே இருந்து, வாக்குரிமை இல்லாமல் வருடக்கணக்கில் வரி கட்டுபவர். இன்னொருவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பென்சில்வேனியா நிலவரத்தை வட்டாரவாரியாகச் சொல்பவர். இரண்டு பேருக்கும் சந்தேகம் மட்டும் ஒன்றேதான். திரும்பத் திரும்ப அதே பதிலைத் தட்டச்சு செய்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கும் ஒரு கட்சிச் சாய்வு உண்டு. அதற்கு ஆள் சேர்க்க இதை எழுதவில்லை.

படிக்கும் முன் ஒன்று. "அமெரிக்காவில் சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதிலே கிடையாது. "எந்த மாநிலத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கீழே அது அடிக்கடி வரும்.

அதிபரை மக்கள் நேரடியாத்தானே தேர்ந்தெடுக்கறாங்க? அப்புறம் எதுக்கு இந்த 270 கணக்கு?

நேரடியாக இல்லை. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இருந்தாலும், மக்கள் தேர்ந்தெடுப்பது அவருக்காக வாக்களிக்கப் போகும் தேர்வாளர்களை. மொத்தம் 538 பேர். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள், செனட்டின் 100 இடங்கள், தலைநகர் வாஷிங்டன் டி.சி.க்கு 3. இதில் பாதியைத் தாண்டினால் 270. டி.சி.க்கு அந்த 3 கிடைத்ததே 1961இல் வந்த அரசியலமைப்பின் 23ஆவது திருத்தத்தால்தான்.

ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் ஜெயித்தவருக்கே. 48 மாநிலங்களிலும் டி.சி.யிலும் இப்படி. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. அதனால்தான் சிவப்பு நெப்ராஸ்காவுக்குள் ஒமாஹா நகரத்தைச் சுற்றி ஒரு நீலப் புள்ளி 2008, 2020, 2024 மூன்றிலும் தெரிந்தது. நிறக் குழப்பம் இருப்பவர்களுக்கு: இங்கே சிவப்பு ரிபப்ளிகன், நீலம் டெமாக்ரட். தொலைக்காட்சிகள் 2000 தேர்தலை ஒட்டித்தான் இப்படி ஒரேமாதிரி காட்ட ஆரம்பித்தன. கம்யூனிஸ்டுகளுக்கும் இந்தச் சிவப்புக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

அப்போ அதிக வோட்டு வாங்கினவர் தோற்கலாமா?

தோற்றிருக்கிறார்கள். 1824, 1876, 1888, 2000, 2016 என்று ஐந்து தடவை. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் வாங்கினார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 வாக்குகளில் தோற்றார். கணக்கு முடிந்தது. 2000இல் இன்னும் கொடுமை. நாட்டளவில் 5 லட்சத்துக்கு மேல் முன்னிலையில் இருந்த அல் கோர், ஃபுளோரிடாவில் 537 வாக்குகளில் அதிபர் பதவியை இழந்தார்.

2024இல் இந்தச் சர்ச்சை எழவில்லை. டிரம்ப் 312 தேர்வாளர்களையும் வாங்கினார், நாட்டளவிலும் முன்னிலை பெற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்தது 50 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. "வரலாறு காணாத அலை" என்று எழுதுபவர்களிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் காட்டுங்கள்.

ஏன் எப்பப் பார்த்தாலும் அதே ஏழு மாநிலத்தையே பேசறாங்க?

மற்ற இடங்களில் முடிவு முன்கூட்டியே தெரியும். கலிஃபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள் இருந்தாலும் அங்கே ரிபப்ளிகன் வேட்பாளர் பிரசாரம் செய்து என்ன ஆகப் போகிறது? 2024இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழில்தான் பணமும் விளம்பரமும் கொட்டப்பட்டன. இந்தப் பட்டியல் நிரந்தரம் இல்லை. 2000இல் நாட்டையே நிறுத்தி வைத்த ஃபுளோரிடா இன்று யாருடைய பட்டியலிலும் கிடையாது.

தேர்தல் கமிஷன் என்ன பண்ணிட்டிருக்கு? ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சுதே?

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பு அமெரிக்காவில் இல்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது பார்ப்பது பிரசாரப் பணக் கணக்கை மட்டும்.

தேர்தலை நடத்துவது மாநிலங்கள். மாநிலத்துக்குள்ளும் கவுன்டி எனப்படும் மாவட்ட அளவிலான நிர்வாகங்கள், சில இடங்களில் அதைவிடச் சிறிய ஊராட்சிகள். வாக்குச்சீட்டை அச்சடிப்பதும், சாவடிக்கு ஆள் போடுவதும், எண்ணுவதும் அவர்கள்தான். மேலே பொறுப்பில் இருக்கும் மாநிலச் செயலர் பல மாநிலங்களில் கட்சி சார்பில் போட்டியிட்டு ஜெயித்து வந்தவர். நடுவரும் ஒரு கட்சிக்காரர் என்றால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் பெரும்பாலான இடங்களில் உங்கள் பொறுப்பு. யாரும் வீடு வீடாக வர மாட்டார்கள். வடக்கு டகோட்டாவில் மட்டும் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது.

டெமாக்ரட்னு பதிவு பண்ணிட்டா கட்சி உறுப்பினரா? மாத்தி வோட்டுப் போட்டா தெரிஞ்சிடுமா?

சந்தா இல்லை, அட்டை இல்லை, மாநாட்டுக்கு லாரியில் போக வேண்டியதும் இல்லை. ஏறக்குறைய 30 மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போது கட்சியையும் குறிப்பிடலாம். டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன் போன்ற இடங்களில் அந்தக் கட்டமே கிடையாது. நவம்பரில் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தத் தேர்தலில் வாக்களித்தீர்கள் என்பது மட்டும் பதிவில் இருக்கும், அதைக் கட்சிகள் வாங்கிப் பார்ப்பார்கள். அந்த ஃபோன் அழைப்புகள் எல்லாம் அப்படி வருபவைதான்.

பதிவுக்குப் பலன் பிரைமரி எனப்படும் கட்சிக்குள் நடக்கும் முன்தேர்தலில். வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை, வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடாவில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும் போடலாம். டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் போடலாம். இதை நம்மவர்கள் அலட்சியம் செய்வது எனக்குப் புரிவதே இல்லை. நியூயார்க் போன்ற ஒரே கட்சி ஊர்களில் நிஜத் தேர்தலே பிரைமரிதான். 2018இல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், அவர் கட்சியிலேயே பெரிய தலையாக இருந்த ஜோ கிரவுலியை வீழ்த்தியது 17,000க்கும் குறைவான வாக்குகளை வைத்து. நம் ஊர்ப் பேரூராட்சிக் கணக்கு.

ரெண்டே கட்சிதானா? மூணாவதா ஒருத்தர் வரவே முடியாதா?

வரலாம், ஜெயிக்க முடியாது. 1992இல் ராஸ் பெரோ 100இல் ஏறத்தாழ 19 பேரின் வாக்கை வாங்கினார். தேர்வாளர் எண்ணிக்கை பூஜ்யம். மாநிலத்தில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதன் விளைவு இது. கூட்டணி பேசி இடம் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை.

மூன்றாமவர் பெரும்பாலும் தன் கருத்துக்குக் கிட்டத்தில் இருப்பவரைத்தான் சாய்ப்பார். 537 வாக்கில் முடிந்த ஃபுளோரிடாவில் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000க்கும் மேல். இதைச் சரிசெய்யத்தான் மெய்னும் அலாஸ்காவும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் வாக்குமுறைக்கு மாறின. 2022இல் அலாஸ்காவில் அந்த முறையில்தான் மேரி பெல்டோலா, சாரா பேலினைத் தோற்கடித்தார்.

லிங்கன் ரிபப்ளிகன், அடிமை முறையை ஆதரிச்சது டெமாக்ரட். அப்போ கறுப்பின மக்கள் ஏன் டெமாக்ரட்டுக்குப் போடறாங்க? சரித்திரம் தெரியாதா?

அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கேட்பவருக்குத்தான் 1865க்கு அப்புறம் நடந்தது தெரியவில்லை. ரிபப்ளிகன் கட்சி 1854இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பிறந்தது, 1860இல் லிங்கன் ஜெயித்தார், எல்லாம் உண்மை. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களை ஆண்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தவர்கள் டெமாக்ரட்டுகள். அதுவும் உண்மை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1930களில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வடக்கு நகரங்களில் இருந்த கறுப்பின வாக்காளர்களை டெமாக்ரட் பக்கம் இழுத்தன. 1948இல் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க உத்தரவிட்டார். சிவில் உரிமை விவகாரத்தில் கோபித்துக்கொண்ட தெற்கு டெமாக்ரட்டுகள் அதே ஆண்டு தனியாக நின்று நான்கு மாநிலங்களைப் பிடித்தார்கள். இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் டெமாக்ரட் அதிபர் லிண்டன் ஜான்சன். ஆனால் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம், நம் ஊர்க் கட்சி இல்லை) விகிதாசாரப்படி அதிக ஆதரவு தந்தது ரிபப்ளிகன்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு டெமாக்ரட்டுகள். அதாவது பிளவு கட்சியைவிட, வடக்கு தெற்கு என்றுதான் இருந்தது. அந்த ஆண்டு ரிபப்ளிகன் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். நாடு முழுக்கத் தோற்று, சொந்த அரிசோனாவையும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களையும் மட்டும் ஜெயித்தார். அந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

அதற்கப்புறமும் தெற்கு மெதுவாகத்தான் நகர்ந்தது. ஜார்ஜியா தன் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்துக்குப் பின் முதல் ரிபப்ளிகன் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது 2002இல். "கட்சிகள் இடம் மாறின" என்று ஒரே வரியில் முடிப்பதும் சோம்பேறித்தனம், "எதுவும் மாறவில்லை" என்பதும் சோம்பேறித்தனம். இரண்டாவது கொஞ்சம் அதிகம்.

ராத்திரி முன்னாடி இருந்தவர் காலையில எப்படிப் பின்னாடி போனார்? ஏதோ நடந்திருக்கு.

நடந்தது எண்ணிக்கை. எந்த மாநிலம் எதை முதலில் எண்ணுகிறது என்பதைப் பொறுத்தது இது. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. ஃபுளோரிடா வாரக்கணக்கில் முன்பே தயார் செய்துவிடும், அதனால் அன்றிரவே முடிவு. கலிஃபோர்னியா தேர்தல் நாள் முத்திரை குத்தப்பட்டு ஒரு வாரம் கழித்து வரும் உறையையும் ஏற்கும், அதனால் எண்ணி முடிக்கப் பல வாரம்.

2020இல் டிரம்ப் தபால் வாக்கை நம்பாதீர்கள் என்று தன் ஆதரவாளர்களிடம் மாதக்கணக்கில் சொன்னார். அவர்கள் நேரில் வந்தார்கள். டெமாக்ரட்டுகள் தபாலில் போட்டார்கள். நேரில் போட்டது முதலில் எண்ணப்பட்டதால் பென்சில்வேனியாவில் அன்றிரவு டிரம்புக்கு 6 லட்சத்துக்கும் மேல் முன்னிலை தெரிந்தது. கடைசியில் பைடன் சுமார் 80,000 வித்தியாசத்தில் ஜெயித்தார். இதில் சதி என்பவர்கள் அதே இரவு அரிசோனாவைப் பேசுவதில்லை. அங்கே முன்கூட்டி வந்த தபால் வாக்குகளை முதலில் அறிவித்ததால் பைடன் பெரிய முன்னிலையில் தொடங்கி, நாளுக்கு நாள் டிரம்ப் நெருங்கினார். சதிக்காரர்கள் அந்த மாநிலத்தில் மட்டும் எதிர்த்திசையில் வேலை செய்தார்களா?

வாக்களிக்க அடையாள அட்டை கேட்கறது நியாயம்தானே? இதுக்கு ஏன் அடிச்சுக்கறாங்க?

நியாயமான கேள்வி. கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பான்மை அமெரிக்கர்கள் அட்டை கேட்பதை ஆதரிக்கிறார்கள், டெமாக்ரட் ஆதரவாளர்களில் பலரும் உட்பட. இப்போதே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு அட்டையைக் கேட்கின்றன. சண்டை, எந்த அட்டை என்பதில்.

அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான தேசிய அடையாள அட்டை இல்லை. ஓட்டுநர் உரிமம்தான் அந்த வேலையைச் செய்கிறது. கார் இல்லாத முதியவர், நகரத்து ஏழை, மாணவர் என்று பலரிடம் அது இருக்காது. டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி வாக்களிக்கலாம், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. யாரை மனதில் வைத்துப் பட்டியல் போட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சந்தேகப்படுவதற்கு இது போதாதா? இன்னொரு காரணம் பழைய வடு. தெற்கில் வாக்களிக்க வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று நிபந்தனை போட்டுக் கறுப்பின மக்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தார்கள். வரியைக் கூட்டாட்சித் தேர்தல்களில் ஒழித்த 24ஆவது திருத்தம் 1964இல்தான் வந்தது. அன்று நிபந்தனைகளைச் சந்தித்தவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அட்டைச் சட்டத்தால் வாக்குப்பதிவு சரிந்துவிடும் என்று பயந்த அளவுக்கு ஆய்வுகளில் பெரிய சரிவு தெரியவில்லை. ஒருவர் இன்னொருவர் பெயரில் வந்து கள்ள வாக்குப் போடுவதும் மிக மிக அரிது. ஆக நோயும் சின்னது, மருந்தின் பக்கவிளைவும் சின்னது, கூச்சல் மட்டும் பெரிது. எல்லோருக்கும் இலவசமாக அட்டை கொடுத்துவிட்டு அட்டை கேளுங்கள் என்பது என் நிலைப்பாடு. இரண்டு பக்கமும் என்னைத் திட்டுகிறார்கள்.

குடியுரிமை இல்லாதவங்க லட்சக்கணக்கில் வோட்டுப் போடறாங்களாமே?

1996 முதல் கூட்டாட்சித் தேர்தலில் அப்படி வாக்களிப்பது தனிக் குற்றம். சிறை, நாடு கடத்தல் இரண்டும் உண்டு. ஜார்ஜியாவின் ரிபப்ளிகன் மாநிலச் செயலர் 2024இல் பட்டியலைச் சலித்துப் பார்த்தபோது 82 லட்சம் பேரில் குடியுரிமை இல்லாதவர் 20 பேர் கிடைத்தார்கள். பூஜ்யம் இல்லை, லட்சமும் இல்லை. மேரிலாந்தின் டக்கோமா பார்க் போன்ற சில ஊர்கள் தங்கள் உள்ளூர்த் தேர்தலில் மட்டும் குடியுரிமை இல்லாதவர்களை அனுமதிக்கின்றன. காணொளிகளில் சுற்றுவது பெரும்பாலும் அந்தச் செய்திதான்.

நான் ஹெச்-1பி. மனைவி கிரீன் கார்டு. நாங்க என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாது?

ஹெச்-1பி தற்காலிக வேலை விசா, கிரீன் கார்டு நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, இரண்டுமே குடியுரிமை இல்லை. ஆகவே இருவரும் வாக்களிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், தவறுதலாகக்கூடப் பதியக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது "வாக்காளராகப் பதிய விருப்பமா?" என்று கேட்பார்கள். 1993 சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் இது வழக்கம். வரிசையில் நிற்கும் அவசரத்தில் "ஆமாம்" என்று தட்டிவிட்டுப் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எப்போதாவது பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று அந்தப் படிவத்தில் நேரடியாகவே கேள்வி இருக்கிறது. ஏற்கெனவே தட்டிவிட்டவர்கள் குழுவில் ஆலோசனை கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

நன்கொடையில் மட்டும் இருவருக்கும் வித்தியாசம். கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நன்கொடை தரலாம், விசாவில் இருப்பவர் தரக் கூடாது. மனைவி பெயரில் உங்கள் பணத்தைக் கொடுப்பதும் கூடாது.

குடியுரிமை வாங்கிவிட்ட, ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு: சாவடியில் உதவிக்கு மகனையோ மகளையோ கூட்டிப் போகக் கூட்டாட்சிச் சட்டமே அனுமதிக்கிறது. முதலாளியையும் தொழிற்சங்க ஆளையும் மட்டும் கூட்டிப் போகக் கூடாது.

எந்தக் கட்சி வந்தா கிரீன் கார்டு சீக்கிரம் கிடைக்கும்?

இதைக் கேட்காத ஆள் கிடையாது. ஒரு நாட்டவருக்கு வருடத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு காங்கிரஸ் போட்ட சட்டம். எந்த அதிபரும் தனியாக அதை நீக்க முடியாது. வேலை வழியில் கிடைக்கும் கிரீன் கார்டுகளுக்கு அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019இல் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்துவிட்டது.

அதிபரால் முடிந்தது விளிம்பு வேலைகள். அவை சின்னவை இல்லை. ஹெச்-1பிக்காரர்களோடு ஹெச்-4 விசாவில் வந்த துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி 2015இல் ஒபாமா நிர்வாகம் தந்தது. புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் பிரகடனம் போட்டார்.

சரி, 2020ல திருடினாங்களா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

இல்லை.

ஒரு வார்த்தை போதாதவர்களுக்கு: 60க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள், முடிவை மாற்றும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்பே நியமித்தவர்களும் உண்டு. ஜார்ஜியாவில் கையால் எண்ணியது உட்பட மூன்று முறை எண்ணினார்கள். அரிசோனாவில் ரிபப்ளிகன்கள் கையிலிருந்த மாநில செனட்டே ஆள் வைத்து மரிகோபா கவுன்டியை மறுபடி எண்ண வைத்தது, பைடன் வாக்கு சற்றுக் கூடியது. டிரம்பின் சட்ட அமைச்சராக இருந்த வில்லியம் பார், முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் பார்க்கவில்லை என்றார். வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் போட்ட அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் நியூஸ் 2023இல் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது.

"டெமாக்ரட்டுகளும் 2005 ஜனவரியில் ஒஹாயோ முடிவை எதிர்த்தார்களே" என்று ஒருவர் கேட்பார். எதிர்த்தார்கள், காங்கிரஸில் வாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் அவர்களின் வேட்பாளர் ஜான் கெர்ரி 2004 தேர்தலுக்கு மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டவர். 2021 ஜனவரி 6இல் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததையும் அதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இருக்கறது நியூ ஜெர்சி. முடிவு தெரிஞ்சதுதானே, என் வோட்டு வீண்தானே?

அதிபர் தேர்தலுக்கு மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அமெரிக்க வாக்குச்சீட்டு நம் ஊர்ச் சீட்டு மாதிரி ஒரே கேள்வியோடு வருவதில்லை. செனட்டர், ஆளுநர், ஷெரிஃப், பள்ளி வாரியம், பல மாநிலங்களில் நீதிபதிகள்கூட அதில் இருப்பார்கள். உங்கள் சொத்து வரியையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் தீர்மானிப்பது அந்தக் கீழ் வரிசைதான்.

சில மாநிலங்களில் சட்டத்தின் மீதே நேரடி வாக்கெடுப்பும் உண்டு. 2024இல் மிசூரி மக்கள் டிரம்பைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்துவிட்டு, அதே சீட்டில் கருக்கலைப்பு உரிமைக்கும் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கவும் ஆதரவாக வாக்களித்தார்கள். ஃபுளோரிடாவில் கருக்கலைப்பு உரிமைக்கு 57 சதவீத ஆதரவு கிடைத்தும் தோற்றது, அங்கே 60 வேண்டும். எந்த மாநிலம் என்று கேட்காமல் பேசினால் இப்படித்தான் கால் தடுக்கும்.

தொகுதி எல்லையை வளைச்சு வளைச்சுப் போட்டுத்தான் டிரம்ப் ஜெயிச்சாராமே?

இல்லை. அதிபர் தேர்தலும் செனட் தேர்தலும் மாநிலம் முழுவதற்கும் நடப்பவை, தொகுதி எல்லைக்கு அங்கே வேலை இல்லை. விதிவிலக்கு, முன்பு சொன்ன மெய்ன், நெப்ராஸ்கா. எல்லையை வளைக்கும் ஜெரிமாண்டரிங் வேலை செய்வது பிரதிநிதிகள் சபையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும்.

அங்கே அது பலமாகவே வேலை செய்கிறது. வட கரோலினா ஏறக்குறைய சரிபாதி மாநிலம். 2024இல் 14 இடங்களில் 10 ரிபப்ளிகன்களுக்குப் போனது. இல்லினாயில் இதே கைவேலையை டெமாக்ரட்டுகள் செய்திருக்கிறார்கள். கட்சி லாபத்துக்காக எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தடுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. 2025இல் டெக்சாஸ், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல் ஐந்து இடங்களைக் குறிவைத்து வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிஃபோர்னியா மக்கள் அதே நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் சுயேச்சை ஆணையம் வரைந்ததை ஒதுக்கிவிட்டு டெமாக்ரட் சாய்வுள்ள வரைபடத்தை ஏற்றார்கள். ஊரில் நல்ல பிள்ளையாக இருந்தவரும் கோதாவில் இறங்கிவிட்டார்.

அதிபரும் அவர் கட்சி, ரெண்டு சபையும் அவர் கட்சி. அப்புறமும் ஏன் சட்டம் நிறைவேறலை?

இரண்டு காரணம். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களின் விவாதத்தை முடிக்கவே 100இல் 60 பேர் வேண்டும். வரி, செலவு சம்பந்தமானவற்றை மட்டும் தனி வழியில் 51ஐ வைத்து முடிக்கலாம்.

இரண்டாவது, கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே இல்லை. இந்தியாவில் 1985க்குப் பின் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். அமெரிக்காவிலும் கொறடா உண்டு, அவரால் கெஞ்சவும் முறைக்கவும் மட்டுமே முடியும். 2017 ஜூலையில் ஒபாமாகேர் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்க வந்த மசோதாவுக்கு, ரிபப்ளிகன் ஜான் மெக்கெய்ன் நள்ளிரவு தாண்டி அவைக்குள் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார். அவரோடு இன்னும் இரண்டு ரிபப்ளிகன் செனட்டர்கள். மசோதா செத்தது, மூவருக்கும் பதவி போகவில்லை. 2022இல் டெமாக்ரட் ஜோ மான்சின் தன் கட்சிக்கு இதையே செய்தார், வாக்குரிமை மசோதாவுக்காக அந்த 60 விதியைத் தளர்த்த மறுத்து.

கமலா ஹாரிஸ் நம்ம ஊர்ப் பொண்ணு. நம்மவங்க எல்லாரும் அவங்களுக்குத்தானே போட்டிருக்கணும்?

அவருடைய தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம், தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் அவருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்ததைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தின் விவேக் ராமசாமி 2024 ரிபப்ளிகன் பிரைமரியில் நின்றார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் தமிழ்க் குடும்பத்து ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2016இல் டெமாக்ரட்டுகளாகச் சபைக்குப் போனார்கள், அந்த இருவருக்குள்ளேயே கொள்கை ஒன்றில்லை. ஊரைப் பார்த்துப் போடுவதென்றால் யாருக்குப் போடுவீர்கள்?

குற்றம் நிரூபணமானவர் வோட்டே போட முடியாது, ஆனா அதிபர் ஆகலாமா? இது என்ன கூத்து?

கூத்துதான், ஆனால் சட்டப்படி சரி. அதிபர் பதவிக்கு அரசியலமைப்பு வைக்கும் அடிப்படைத் தகுதிகள் பிறப்பால் குடியுரிமை, 35 வயது, 14 ஆண்டு வாசம். தண்டனை பற்றி எதுவும் இல்லை. 1920இல் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் மேல் வாங்கினார்.

வாக்குரிமைக்கு மறுபடியும் "எந்த மாநிலம்?" மெய்னிலும் வெர்மான்ட்டிலும் சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். டிரம்ப் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் 2024இல் ஃபுளோரிடாவில் வாக்களித்தார். வேறு மாநிலத்துத் தீர்ப்புக்கு அந்த மாநில விதியையே ஃபுளோரிடா பார்க்கும். நியூயார்க் விதிப்படி சிறையில் இருக்கும்வரைதான் தடை, அவர் சிறையில் இல்லை.

269–269னு வந்துட்டா?

சும்மா கேட்பது போலத் தெரியும், 2020இல் கிட்டத்தில் வந்தது. பைடன் 306 வாங்கினார். அதில் ஜார்ஜியா 16, அரிசோனா 11, விஸ்கான்சின் 10. மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை சுமார் 43,000. அவை கைமாறியிருந்தால் சரியாக 269–269.

அப்படி வந்தால் புதிய பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும், ஆனால் தலைக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒன்று. ஜெயிக்க 26 மாநிலங்கள் வேண்டும். உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் மாநிலத்துக்கு வாக்கு இல்லாமல் போகும். துணை அதிபரைச் செனட் தனியாகத் தேர்ந்தெடுக்கும், ஆகவே இருவரும் எதிரெதிர்க் கட்சியாகக்கூட அமையலாம். 1824 தேர்தல் இப்படிச் சபைக்குப் போய்த்தான், அதிக வாக்கு வாங்கிய ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் 52 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரு வாக்கு, வயோமிங்கின் ஒரே உறுப்பினருக்கும் ஒரு வாக்கு. டி.சி.க்கு அதுவும் கிடையாது.